சிவப்பு காரின் இடது வட்டம்

"ரெண்டே பேருதான் உக்கார முடியுமாம். அப்ப குலதெய்வம் கோயிலுக்கு எத்தினி நடை அடிக்கிறது?"

வேங்கிக்கால் டீக்கடையில் எனக்கு முதுகைக் காட்டி நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்ட கேள்வி இது. பேச்சு எங்கள் கடையில் நிற்கும் சிவப்பு காரைப் பற்றியது. பழைய கார் விற்கும் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வாங்க வருகிறவர்கள் கம்மி, பார்க்க வருகிறவர்கள் ஜாஸ்தி. கதவைத் திறந்து மூடுவார்கள், ஹாரன் அடிப்பார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், "வூட்ல கேட்டுட்டு வரேங்க" என்று போய்விடுவார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்த என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். கடையில் மேசை வேலை. முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவருக்குப் பெருமை என்று இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "அடிபட்ட வண்டி என் கடைல நிக்காது." வந்தவர்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்டுவது ஏழுமலை அண்ணன். நான் பின்சீட்டில் பேப்பர்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேசத்தான் வராதே தவிர, பார்க்க நன்றாக வரும்.

மஞ்சள் விளக்கு

சிவப்பு காரைக் கொண்டுவந்தவர் ஒரு பெங்களூர்க்காரர். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியவர், ஒரு மாதத்தில் மனம் மாறி, இனிமேல் நடந்தே போகிறேன் என்று காரை எங்களிடம் கொடுத்துவிட்டார். இரண்டே சீட்டு. இன்ஜின் பலம் முழுவதும் பின்சக்கரங்களுக்குப் போகும். வளைவில் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். அப்படி ஓடாமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை அணைக்க ஒரு ஸ்விட்ச். அணைத்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும்.

கடைக்கு எந்த வண்டி வந்தாலும் ஏழுமலை அண்ணன் பூஜை போட்டுத்தான் தொடுவார். பாய் தடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி அவருடையது, மற்றதெல்லாம் அண்ணனுடையது என்று ஒரு ஏற்பாடு. அன்றும் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார். ஏறி உட்கார்ந்து எல்லா ஸ்விட்சையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது. "லைட்டெல்லாம் நல்லா எரியுது பாய்" என்று சந்தோஷமாக மிதித்தார். எலுமிச்சை நசுங்கியது. பின்சக்கரம் பூசணிச் சதையில் ஏறியது. வழக்கம்போல முதல் நடையாகக் கோயிலுக்குக் கிளம்பிய கார் வாசலிலேயே அப்படியே திரும்பி, கடையைப் பார்த்து நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, காரில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் டயரைப் பார்த்தார்கள். நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஓடிய நிமிடம் அவர் கண் காம்பவுண்டு சுவரில் இருந்தது, கால் பெடலிலிருந்து சட்டென்று வெளியே வந்திருந்தது. பாய் தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "வந்ததும் கடை புடிச்சிப்போச்சு போலக்குது ஏழுமலை. போவ மாட்டேங்குது."

மேய்ச்சல்

காரை யாரும் வாங்கவில்லை. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும், தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள் என்றார் பாய். ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் நான். கடைக்குப் பின்னால் ஒரு லேஅவுட் இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், எல்லா ஊரிலும் உண்டு: தார் ரோடு இருக்கும், மனைக்கல் இருக்கும், வீடு மட்டும் இருக்காது. நடுவே பூங்காவுக்கு என்று ஒதுக்கிய பெரிய தார்த் திடல். செடிக்குப் பதில் வேலி மட்டும் போட்டிருந்தார்கள்.

வாசலில் நடந்த அவமானம் அண்ணனைத் தூங்கவிடவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் ஸ்விட்சை அணைத்துவிட்டு அந்தத் திடலில் வட்டமடித்துப் பழகினார். பெரிய ஓட்டுநர் அவர், சீக்கிரமே வசப்படுத்திவிட்டார். என் முறை வந்தபோது நானும் அணைத்தேன். வளைத்து மிதித்ததும் உலகம் பக்கவாட்டில் ஓடியது. கார் நின்றபோது, வந்த வழியையே பார்த்தபடி இருந்தேன். மறுபடி. மறுபடி. கல்லூரியில் வட்ட இயக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பில் தேறியவள், அதை முதல் தடவையாக இடுப்பில் உணர்ந்தேன்.

பிறகு அண்ணனின் கண்ணும் காலும் நினைவுக்கு வந்தன. சுவரைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன். பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்தேன். காலை எடுக்காமல், தளர்த்த மட்டும் செய்தேன். கார் வழுக்கிக்கொண்டே, ஆனால் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே, ஒரு முழு வட்டம் வந்தது. வீட்டில்கூட யாரும் என் பேச்சை அவ்வளவு கேட்டதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா, நான் ஆரம்பித்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏம்மா, வண்டி எதுனா தொலைச்சிடுச்சா? அப்பலேருந்து அங்கயே தேடுது."

டயர் சொன்னது

ஒரு நாள் காரைத் துடைக்கும்போது கவனித்தேன். இடது பக்க டயர்கள் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன. வலது பக்கம் புதுசு மாதிரி இருந்தது. காரணம் புரிய நேரமாகவில்லை. நாங்கள் இருவரும் வலமாகவே சுற்றிக்கொண்டிருந்தோம். திடலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். மலையை வலம் வந்து பழகிய ஊர்க்காலுக்கு வட்டம் என்றாலே ஒரே திசைதான். வலமாகச் சுற்றினால் பாரமெல்லாம் இடது டயர்களில்தான் விழும். தோசையை ஒரே பக்கம் வேக விட்ட மாதிரி ஆகியிருந்தது.

என் முறை நாட்களில் திருப்பிப் போட ஆரம்பித்தேன். இடப்பக்கம் சுற்றுவது வேறு காரை ஓட்டுவது போல இருந்தது. வலமாகச் சுற்றும்போது ஓட்டுகிற நான் வட்டத்துக்கு உட்பக்கம் உட்கார்ந்திருப்பேன். இடமாகச் சுற்றும்போது வெளிப்பக்கம், வீசி எறிகிற பக்கம். கை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். மறுபடி முதலிலிருந்து சுழன்றேன், மறுபடி வந்த வழியைப் பார்த்து நின்றேன், மறுபடி ஒரு நாள் முழு வட்டம் வந்தது. தாரில் பதிந்த டயர்த் தடத்தை வைத்தே அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு வந்தது கோபம்கூட இல்லை, பயம். "சுடுகாட்டுலதாம்மா அப்படி சுத்துவாங்க" என்றார். டயரைக் காட்டினேன். பார்த்தார். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டயர் போனா வேற டயர் வாங்கிக்கலாம். எடது பக்கமா சுத்தற வேல மட்டும் எங்கிட்ட வெச்சிக்காத."

இரண்டு பக்கமும்

வேலூரிலிருந்து ஒரு பல் டாக்டர் அம்மா வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் ரேஸ் ஓட்டுபவராம். கதவைத் திறந்து மூடவில்லை, போட்டோ எடுக்கவில்லை. குனிந்து காருக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"அடிபட்ட வண்டியா?"

"என் கடைல நிக்காதுங்க" என்றார் பாய்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. என் பேஷன்ட்கூட வலிக்கலன்னுதான் சொல்வாங்க. கம்ப்யூட்டர் இருந்தா கோணல் வண்டிகூட நேரா போயிடும். அத ஆஃப் பண்ணிட்டு வலதுல ஒண்ணு, இடதுல ஒண்ணு சுத்திக் காட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கணும்."

திடலுக்குப் போனோம். டாக்டர் இடது சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணன் வலமாக ஒரு வட்டம் போட்டார் பாருங்கள், கோலம் போட்டது மாதிரி இருந்தது. பாய் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு இடப்பக்கம். அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். வளைத்தார், மிதித்தார், கை பழைய வழக்கப்படி போனது. கார் சுழன்று நின்றது. இன்னொரு முறை. அதே கதை. டாக்டர் இறங்கிவிட்டார்.

"வலதுல ஒரு மாதிரி, இடதுல ஒரு மாதிரி. எங்கயோ அடிபட்டு சேசிஸ், அடிச்சட்டமே, வளைஞ்ச வண்டி இது. தெரியாமத்தான் வாங்கியிருப்பீங்க, பரவால்ல."

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம் போய்விட்டால் கடையில் மிச்சம் இருப்பது வெறும் கார்கள்தான். அண்ணன் தரையைப் பார்த்தார். "நான் ஒரு தடவ ஓட்டட்டுங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசியது என்று பாய் திரும்பிப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் மறுபடி ஏறினார். மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. வளைத்தேன், மிதித்தேன். பின்பக்கம் வலப்புறமாக ஓடியது. கையும் அந்தப் பக்கமே போனது, கால் தளர்ந்தது, கண் வேலியில் இல்லை, வட்டம் முடிகிற இடத்தில் இருந்தது. இன்ஜின் ஒரே சுருதியில் கத்தியது. மலை கண்ணாடியின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியே போனது, மறுபடி நுழைந்தது. ஒரு வட்டத்தில் நிறுத்த மனம் வரவில்லை, இரண்டாவதும் போனேன். அதே வேகத்தில் நேராக்கி, வலமாகவும் ஒன்று. கார் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அழகாக, வழுக்கியது. வேலிக்கு வெளியே ஆட்டுக்கார அக்கா கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். பாயின் எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன்.

டாக்டர் இறங்கி, அண்ணனையும் காரையும் மாறி மாறிப் பார்த்து, பாயிடம் சொன்னார்: "வண்டி நேராத்தாங்க இருக்கு. ஆள்தான் வலப்பக்கமா வளைஞ்சிருக்காரு."

டெலிவரி அன்று காலை

வண்டி கிளம்புகிற நாள். எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் தயாராக இருந்தன. டாக்டர் வர நேரம் இருந்தது. பேட்டரிக்காகக் கடைசியாக ஒரு ஓட்டம் ஓட்டலாம் என்று சாவியை எடுத்தேன். என் முறை நாள்தான். யாரிடமும் சொல்லாமல் ஏழுமலை அண்ணன் என் பின்னாலேயே வந்தார். எத்தனையோ வருடமாக வலது சீட்டைத் தவிர வேறு சீட்டில் உட்காராத மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு இடது சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

திடலின் நடுவில் நிறுத்தினேன். மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு விரலை நீட்டி அந்த ஸ்விட்சை, மஞ்சள் விளக்கு எரிகிற வரைக்கும், அமுக்கிப் பிடித்தார். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, இடப்பக்கம் காட்டினார்.