லாயாங் லாயாங் மடுவில் முப்பத்தொரு வகை மீன்

லாயாங் லாயாங் பக்கம் மீன் பிடிக்கப் போக நினைக்கும் அன்பர்கள் சிலர் வழியும் செலவும் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார்கள். நான் அங்கே போய் முப்பத்தொரு வகை மீன் கொண்டுவந்தேன் என்ற செய்தி எப்படியோ பரவியிருக்கிறது. எப்படியோ என்ன, பரப்பியது நானேதான். ஆகவே வழியையும் எழுதுகிறேன், அங்கே நான் செய்த காரியத்தையும் எழுதுகிறேன். இரண்டாவதை எழுத எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

நான் மலாயாவில் ஜொகூர்ப் பக்கம், சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர்; புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பது வேலை. 1934 பிப்ரவரியில், சிங்கப்பூரில் மீன்களை ஆராயும் வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் துரைக்குக் கடிதம் போட்டார். ஜொகூரின் உள்நாட்டு ஆறுகளில் என்னென்ன மீன்கள் உண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்டு என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். ஒரே இடத்தில் பிடித்ததை எண்ணிக் குறித்துக்கொண்டு, வகைக்கு இரண்டைப் புட்டியில் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். புட்டியும் பார்மலினும் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறது என்று துரை கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்தக் கடிதத்தில் ‘எவ்வளவு’ என்பதை நான் விட்டுவிட்டேன். ‘என்னென்ன’ என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கெலாங் பாத்தா பக்கத்துத் தோட்டத்து டிரஸ்ஸர் ஒருவர் ஏற்கெனவே முப்பது வகை அனுப்பியிருந்ததுதான் காரணம். அங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது. வலையை நனைத்தாலே முப்பது ஏறும். அது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும், முப்பதைத் தாண்டாமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தோட்டத்து லாரியில் ஏறினோம். உடன் வந்தவர் எங்கள் ஆஸ்பத்திரி சமையல்காரர் சடையன். ரெங்கம் ஸ்டேஷன் ஏழு மைல். அங்கிருந்து லாயாங் லாயாங்குக்கு மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு இருபது காசு. ரயில் எட்டு இருபதுக்கு வரவேண்டியது, ஒன்பதுக்கு வந்தது. பார்மலின் புட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெடி தாங்காமல் எதிரே இருந்த சீனக் கிழவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். இறங்கியபின் ரப்பர் காட்டுக்குள் நான்கு மைல் நடை, பிறகு சாயோங் ஆற்றின் ஒரு கிளையில் ஒன்றரை மணி நேரம் படகு. அட்டை கடிக்கும். புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டால் ஓரளவு விடும்.

படகு தள்ளி வந்தவர் ஆற்றோரத்துக் கம்பத்துக்காரர்; கம்பம் என்றால் மலாய்க் கிராமம். அவர் பெயரை மாற்றி டோல்லா என்று வைக்கிறேன். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. மரியாதைக்கு ‘சே டோல்லா’ என்று கூப்பிட்டேன். ரப்பர் விலை விழுந்த பிறகு தன் இரண்டு ஏக்கர் மரங்களில் பால் வெட்டுவதையே அவர் விட்டுவிட்டார். மூங்கில் கூடு வைத்து மீன் பிடித்து, கருவாடு போட்டு, அதை லாயாங் லாயாங் கடையில் கொடுத்து அரிசி வாங்கி வருவதுதான் பிழைப்பு. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். தங்க இடம் கேட்டேன். காசு வேண்டாம் என்று வீட்டின் முன்பக்கத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

அன்று இருட்டும்வரை அவருடைய கூடுகளையும் எங்கள் தூண்டிலையும் கொண்டு பதினான்கு வகை சேர்ந்தது. விரால், ஆரல், கெளுத்தி, பனையேறிக் கெண்டை எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள். மற்றவற்றின் மலாய்ப் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வீட்டுக்குக் கீழே வளைவில் ஒரு மடு இருந்தது. கரும்பச்சைத் தண்ணீர், ஆழம் இரண்டு ஆள் இருக்கும். அதில் ஓரிடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி விட்டது. பார்த்தால், செக்கச்செவேல் என்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வந்து போயின. அடியில் தொடை பருமனில் இரண்டு பெரிய மீன்கள் காவல் சுற்றின.

சே டோல்லா பேசியது மலாய். இங்கே தமிழில் தருகிறேன். “அது தோமான். விரால் ஜாதிதான், பெருசா வளரும். மடுவுல மட்டும் கை வைக்காதீங்க டிரஸ்ஸர். எல்லாம் குஞ்சு விட்டிருக்கு. இதுலேர்ந்து வெளிய வர்றதைத்தான் வருஷம் பூரா நாங்க சாப்பிடுறோம். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, நானே பிடிச்சுத் தரேன்.”

“அந்தச் சிவப்புக் குஞ்சு தோமானா? தோமான் கறுப்பாச்சே” என்றேன்.

“சின்னதுல சிவப்பு, அப்புறம் கோடு விழும், அப்புறம் கறுப்பு. எல்லாம் ஒண்ணுதான் லா.”

நான் சிரித்தேன். பாடம் படித்தவனிடம் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிவப்புக்கு ஒரு பெயர், கோட்டுக்கு ஒரு பெயர் என்று நோட்டில் இடம் விட்டு வைத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் கருவாட்டு மூட்டையோடு லாயாங் லாயாங் கிளம்பினார். மனைவியும் குழந்தைகளும் தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கப் போனார்கள். மாலை ஐந்து பத்துக்கு எங்கள் ரயில். நோட்டில் பதினான்குதான் இருந்தது.

“ஐயா, இப்படித் தூண்டிலைப் போட்டுக்கிட்டு இருந்தா தீவாளி வந்துரும்” என்றார் சடையன். “நான் தூபா வேரு ரெண்டு கட்டு கொண்டாந்திருக்கேன். இடிச்சு ஊத்துனா அரை மணியில எல்லாம் மேல வந்துரும்.”

தூபா என்பது ஒரு கொடி. அதன் வேரை இடித்துப் பிழிந்தால் பால் போல் வரும். அது கலந்த தண்ணீரில் மீன் மூச்சுத் திணறி மிதக்கும். எங்கள் தோட்டத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை ஓடையில் ஊற்றுவதுண்டு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சடையன் வேரைத் திரும்பக் கட்டியிருப்பார். “சீக்கிரம் இடி” என்றேன். பாதி வேரை நானே இடித்தேன். தகர வாளியைத் தூக்கி மடுவில் கவிழ்த்ததும் நான்தான்.

பிறகு மேலே வந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேர் தெரியாத மீன்களெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தன. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று வகைக்கு இரண்டாகப் பொறுக்கி, சத்தமாக எண்ணிக்கொண்டே புட்டியில் போட்டேன். இருபது. இருபத்தாறு. முப்பத்தொன்று வந்ததும் சடையனைப் பார்த்து, “கெலாங் பாத்தா போச்சு” என்றேன். மற்றதெல்லாம் தண்ணீரோடு கீழே போயிற்று. அதில் எது எத்தனை என்று நான் பார்க்கவே இல்லை.

ஒரு மணிக்கு சே டோல்லா திரும்பினார். மடுவைப் பார்த்தபடி நின்றார். “தண்ணி எப்படியோ கெட்டுப்போச்சு போல” என்றேன். வேர் இடித்த கல்லில் சக்கை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கல்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு இருவரும் கூடையோடு இறங்கி, அழுகுமுன் கிடைத்ததை அள்ளிக் கரையில் போட்டு வயிறு கீற ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்து ஒரு கத்தி எடுத்திருக்கலாம்.

“ரயிலுக்கு நேரமாச்சு டிரஸ்ஸர்” என்று அவரே கையைக் கழுவிவிட்டு எங்களைப் படகில் கொண்டுவந்து விட்டார்.

ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. முப்பத்தொன்றில் ஏழு தள்ளுபடி. சிவப்பு, கோடு, கறுப்பு மூன்றும் ஒரே தோமான். இன்னும் சிலவற்றில் ஆணையும் பெண்ணையும் இரண்டு வகையாக எழுதியிருந்தேன். மிச்சம் இருபத்து நான்கு. அதைவிடச் சுட்டது அடுத்த வரி. இவற்றில் எது அதிகம், எது அரிது என்று சொல்லாவிட்டால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆற்றைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது என்று பணிவாகவே எழுதியிருந்தார். அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். துரை, “போய்க் கேட்டு வா” என்றார்.

இந்த முறை தனியாகப் போனேன். சே டோல்லா வீட்டு அடியில் கூடுகள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. அவர் பிரம்பு வெட்டப் போய் வந்து, கையெல்லாம் முள் கீறலோடு இருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“சே டோல்லா, அன்னிக்குத் தூபா ஊத்தினது நான்தான்.”

“தெரியும்.”

“கூடு ஏன் வைக்கலை? மீனே இல்லையா?”

“பனையேறியும் கெளுத்தியும் இருக்கு. அது ரெண்டும் சேத்துல கிடந்துகூடப் பிழைச்சுக்கும். ஆனா நான் கூடு வைக்கக் கூடாது. இங்க தூபா ஊத்தணும்னா பெங்ஹுலு நாள் குறிச்சு, எல்லா வீடும் சேர்ந்துதான் ஊத்தணும். தனியா ஊத்தினவன் ஒரு வருஷம் ஆத்துல இறங்கக் கூடாது. கீழ்க் கம்பத்துல செத்த மீனைப் பாத்துட்டு வந்து கேட்டாங்க. நான்தான் ஊத்தினேன்னு சொல்லிட்டேன்.”

பெங்ஹுலு என்பவர் ஊர்த் தலைவர். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“என் வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தவர் நீங்க. உங்களை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?”

“இப்பவே பெங்ஹுலுகிட்டப் போலாம். நான் சொல்றேன்.”

அவர் அவசரமில்லாமல் தலையை ஆட்டினார். “நீங்க சொன்னா, அவர் முகத்துக்கு நேரே நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். மீன் போச்சு. என் வாக்காவது இருக்கட்டும். நீங்க கேக்க வந்ததைக் கேளுங்க.”

கேட்டேன். வேறென்ன சொல்ல? கேட்டேன். கூட்டில் பத்து விழுந்தால் ஆறு சேப்பாட் என்னும் தட்டை மீன், இரண்டு சிறு கெண்டை, ஆரல் மாதத்துக்கு ஒன்று, தோமான் மடுவுக்கு ஒரே ஜோடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மழை மாதத்தில் எப்படி மாறும் என்றும் சொன்னார். இரண்டு மணி நேரம் எழுதினேன். அந்தத் தாள்கள் சிங்கப்பூர் போயின. மிகவும் பயனுள்ள குறிப்பு என்று என் பெயருக்குப் பாராட்டு வந்தது. சொன்னவர் வேறொருவர் என்று திரும்ப எழுதினேன். ஊற்றியது யார் என்று அதில் எழுதவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச் வேண்டாம், மீன் குஞ்சு விடும் சமயம். போனால் தூண்டில் மட்டும் கொண்டு போங்கள். படகுக்கு ஐம்பது காசு கொடுங்கள், வேண்டாமென்றாலும் கொடுங்கள். எங்கே போடலாம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வகை பார்க்க ஆசையிருந்தால், பிடித்தது அத்தனையையும் எண்ணுங்கள். அங்கே உள்ளவர் இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒன்றென்றே எழுதுங்கள்.

இதையெல்லாம் வெளிப்படையாக எழுதிவிட்டான், நல்ல மனிதன் என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம். அந்தக் கம்பத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.