நாலு நிமிஷத்துக்கு ஒரு பூட்டு

இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, நான் டிவியில் வந்தேன். நகைச்சுவைப் போட்டி ஒன்றில் நாலு நிமிஷம். ஒளிபரப்பான நேரத்தில் தேனி முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் என் பாத்திரக்கடைக்குக் குக்கர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

அக்கா வீட்டுக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. போடியில் கல்யாண வீடியோ எடுப்பவர். வீரபாண்டித் திருவிழாவைப் பற்றி உள்ளூர் கேபிளில் அரை நிமிஷம் பேசியதை சிடியாக்கி வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன்னால் அந்த சிடிதான். எனக்கு வயிறு எரியும். கைதட்டிக்கொண்டே எரியும்.

என் நாலு நிமிஷம் சேனலின் வலைத்தளத்தில் இருந்தது, ஒரே ஒரு வாரத்துக்கு. பார்க்கலாம், எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. நெட் சென்டர்க்காரர் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "பூட்டுப் போட்டு வச்சிருக்காக அண்ணே."

சேனலுக்குப் போன் போட்டேன். "பூட்டு எங்க பொறுப்பு இல்ல சார். நிகழ்ச்சி தயாரிச்ச கம்பெனி கேட்டாங்க, போட்டோம்."

கம்பெனிக்குப் போட்டேன். "நாங்க எதுவும் கேக்கல சார். சேனல்தான் பொறுப்பு."

என் மூஞ்சிக்கு எந்த நகைக்கடைக்கும் இல்லாத பந்தோபஸ்து. இப்படியே ஆறு நாள் ஓடிவிட்டது. ஏழாம் நாள் வெட்கத்தை விட்டு மச்சானிடமே போனேன்.

"இதுக்கா மாப்ள இம்புட்டு அலைச்சல்? கம்ப்யூட்டர்ல ஓட விடு, நான் முன்னால நின்னு கேமராவுல புடிச்சுருதேன். என்னத்தப் பூட்டுவாக?"

"தப்பில்லையா மச்சான்?"

"ஓம் மூஞ்சிய நீ பாக்க எவன்ட்டய்யா கேக்கணும்?"

நெட் சென்டருக்குக் கேமராவோடு பெரிய கல்யாண லைட்டும் வந்தது. "லைட்டு எதுக்கு மச்சான்?" என்றேன். "லைட்டு இல்லாம எடுத்துப் பழக்கமில்ல."

மச்சான் எடுத்துத் தந்த சிடியைப் போட்டு வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்தேன். லைட் வெளிச்சத்தில் கம்ப்யூட்டர் கண்ணாடி மச்சானையே பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது, நாலு நிமிஷமும். அவருக்குப் பின்னால் மங்கலாக நான்.

அம்மா டிவி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "ஆத்தாடி, மாப்பிள்ளை டிவியில வந்துருக்காக! ஏலே, பின்னால நிக்கிறது யாரு?"

அதற்குள் வலைத்தளத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் அந்த ஒரு சிடிதான். இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். என் ஜோக்குக்கு மச்சான் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், கேமராவும் கூடவே குலுங்குகிறது. வந்தவர்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், அவரைப் பார்த்து.