தறிச் சத்தத்தின் மேல் போட்ட பழி

திருப்பதியில் ஒரு சின்ன ஆடியோ சாஃப்ட்வேர் கம்பெனியில் பிட்ச் டிராக்கிங் என் பொறுப்பு. வாசிக்கிறவர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்று மைக்கில் கேட்டு, திரையில் கோடாக வரைந்து, சுருதி சுத்தத்துக்கு மார்க் போடும் ஆப் எங்களுடையது. பதினெட்டு வருஷமாக இதே வேலை. நான் எழுதிய புரோகிராம் தப்பு செய்யாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கஸ்தூரியின் போன் வந்தது.

"மேடம், நகரியிலேர்ந்து பேசறேன். சின்ன வயசுலேர்ந்து வீணை வாசிச்சிக்கினு இருக்கேன். உங்க ஆப்பு எனக்கு நூத்துக்கு நாப்பத்தொண்ணு போட்டுகீது!"

திருப்பதியில் ஓர் இசைப் பள்ளி வீணை டீச்சர் தேடியது. எங்கள் ஆப்பில் எழுபது மார்க் வாங்கினால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்களாம். மறுபடி வாசித்து அனுப்ப, திங்கட்கிழமை கடைசி நாள்.

ரெக்கார்டிங்கைக் கேட்டேன். பின்னால் விசைத்தறி கடகடவென்று ஓடுகிறது. திரையில் சுரக்கோடு சீரான இடைவெளியில் எகிறி எகிறி விழுகிறது. தறியும் சீராகத்தானே அடிக்கும்! எனக்கு வேறென்ன வேண்டும்?

"தறிச் சத்தம்தாம்மா காரணம். அமைதியான இடத்துல எடுத்து அனுப்புங்க."

"நகரியில தறி சத்தம் இல்லாத எடத்துக்கு எங்க மேடம் போறது? ஏரிக்குள்ளயா?"

நியாயம்தான். கோட்டின் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் ஸ்மூத்திங்கை ஏற்றினேன். எகிறல் அடங்கியது, கூடவே கமகமும் அடங்கிவிட்டது. குழைந்து வரவேண்டிய சுரமெல்லாம் இஸ்திரி போட்ட துணியாகப் படுத்துக் கிடந்தது. மார்க் இன்னும் இறங்கியது. கஸ்தூரி போனிலேயே அழுதுவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சனிக்கிழமை காலை லேப்டாப்போடு நகரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். கஸ்தூரியின் வீட்டு முன்னறையில் வீணை, பின்னறையில் அவர் கணவரின் இரண்டு தறிகள். கஸ்தூரி வாசித்தார்; திரையில் அதே எகிறல். பாதியில் கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறிகள் நின்றுவிட்டன.

"நிறுத்தாதீங்க, வாசிங்க!" என்று கத்தினேன்.

வீணையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. கோடு அப்போதும் எகிறியது. அதே இடைவெளி. அடச்சே என்று தலையில் அடித்துக்கொண்டு, அப்போதுதான் திரையை விட்டு அவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே மீட்ட, சுண்டுவிரல் பக்கவாட்டில் இருந்த மூன்று தந்திகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அது எதுக்குங்க?"

"தாளத் தந்தி மேடம். அது இல்லாம வீணை எப்படி வாசிக்கறது?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நாங்கள் டெஸ்ட் செய்ததெல்லாம் வயலினும் கிட்டாரும். வீணைக்கு எங்களிடம் இருந்தவை ஒவ்வொரு சுரமாகத் தனியே மீட்டிய சாம்பிள்கள். அவற்றில் தாளத் தந்தியே இல்லை. அதனால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஆப் ராகத்தை விட்டுவிட்டுத் தாளத் தந்தியின் பின்னால் ஓடியிருக்கிறது. நான் தறியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். வாசிக்கும் முன் அந்த மூன்று தந்திகளைத் தனியாகத் தட்டச் சொல்லி, ஆப் அவற்றின் சுருதியைக் குறித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு நொடித்துளிக்கும் ஒரே விடையைப் பிடித்துத் தொங்காமல், சாத்தியமான நாலைந்து சுரங்களை வைத்துக்கொண்டு, முந்தைய சுரத்தோடு தொடர்ந்து வருவதை மட்டும் எடுக்கும். தறிச் சத்தத்துக்கு நிலையான சுருதி கிடையாது; அது தானாகவே கழன்றுவிட்டது. ஸ்மூத்திங்கைத் தூக்கி எறிந்தேன். சாயங்காலம் தறி ஓட ஓடவே வாசித்தார். தொண்ணூற்று நான்கு!

புது மார்க்கை அன்றே பள்ளிக்கு அனுப்பிவிட்டோம். ஆனால் பழைய மார்க் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. தவறு எங்களுடையது, அவருடையதல்ல என்று கடிதம் எழுதினேன். "நம்ம தப்புன்னு நாமளே எழுதித் தரதா? பேரு கெட்டுடும் மேடம்," என்றார் மேனேஜர். கெடட்டும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கஸ்தூரி இன்டர்வியூவுக்குப் போய், வேலையோடு திரும்பினார்.

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: வாசிக்கிறவரின் கையை நேரில் பார்க்காமல் அவருடைய ரெக்கார்டிங்கைக் குறை சொல்லாதீர்கள்.

சில மாதம் கழித்துக் கஸ்தூரி போன் செய்தார். "மேடம், என் ஸ்டூடன்ட் ஒருத்திக்கு உங்க ஆப்பு முப்பத்திரெண்டு போட்டுகீது."

"ஐயோ, மறுபடியுமா?"

"பயப்படாதீங்க. நானும் கூட உக்காந்து கேட்டுட்டேன். அவ முப்பத்திரெண்டுக்குத்தான் வாசிக்கறா."