ஒரு சொல்லும் விடாமல்

நாலு வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாதக் காலை. ரொறன்ரோவில் யூத முதியவர்கள் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று அவர்களுக்குப் பூரிம் பண்டிகை, வேடம் போட்டுக் கொண்டாடுகிற நாள். வேலைக்காரர் எல்லாருக்கும் கோமாளித் தொப்பி கொடுத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது பச்சை நிறம், காதை மூடுகிற அளவுக்குப் பெரியது.

கீழே மண்டபத்தில் வேத வாசிப்பு நடந்தது. மூன்றாம் மாடியில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். கட்டிலை விட்டு எழும்ப முடியாதவர். அவர் ஒருவருக்காகவே ஒரு மனிதர் வேதக் கதை எழுதிய தோற்சுருளோடு அறைக்கு வந்து வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. நேரம் போகிறதே என்று அந்த அறை வாசலிலேயே தூசி உறிஞ்சுகிற வக்கியூமைப் போட்டுவிட்டேன்.

அம்மாவின் மகள் வெளியே வந்து கையைக் காட்டினார். உடனே நிறுத்தினேன். மனேஜரிடம் முறையிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் தோளைத் தொட்டு, மெல்லிய குரலில் விளங்கப்படுத்தினார். இன்றைக்கு இந்தக் கதையின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டுமாம். அம்மாவுக்குச் சில சொற்கள் கேட்கவில்லையாம்.

 வாசித்தவருக்குப் போய் வாசிக்க இன்னும் இரண்டு அறைகள் இருந்தன. ஆனாலும் சுருளைப் பின்னுக்கு உருட்டி, இரைச்சல் தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி வாசித்தார். நான் வெட்கத்தோடு வாசலில் நின்றேன். அந்த மொழி விளங்காவிட்டாலும் கதை தெரியும். நான் கத்தோலிக்கப் பெண். யூத சனத்தை அழிக்க நினைத்த மந்திரியிடமிருந்து அவர்களைக் காப்பாற்றிய ராணியின் கதையைக் கோயிலில் கேட்டிருக்கிறேன். மந்திரியின் பெயர் வந்தபோதெல்லாம், அவனை இகழுகிற அவர்கள் வழக்கப்படி, அம்மா கரண்டியால் மேசையில் தட்டினார். சத்தம் அடங்கும்வரை அந்த மனிதர் காத்திருந்தார்.

முடிந்த பிறகு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, தங்கள் சுருளில் உள்ள இந்தக் கதையில் கடவுளின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை என்றார். எந்தச் சொல்லுக்குள் கடவுள் ஒளிந்திருக்கிறார் என்று தெரியாதபடியால் ஒன்றையும் விடக் கூடாது என்று தனக்குச் சின்ன வயதில் அம்மா சொல்லித் தந்தாராம்.

வேலை முடிந்து, வீடு இருக்கிற மல்வேர்னுக்குப் பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுதான் மனதில் ஓடியது. என் கணவருக்கு அதற்கு எட்டு மாதம் முன் பாரிசவாதம் வந்திருந்தது. ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவருக்கு ஒரு நிமிடம் எடுக்கும். களைப்பில் எனக்குப் பொறுமை இருக்காது. பாதிச் சொல்லிலேயே ஊகித்து முடித்துவிடுவேன். நான் வேலையால் வந்ததும் தினமும் "சாப்..." என்று தொடங்குவார். நானும் ஓடிப்போய்ச் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு வருவேன். சில நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்டுவிட்டு வேண்டாம் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வரும்.

அன்றும் "சாப்..." என்றார். நான் எழும்பவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன்.

"சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

அவருடைய வாய் கோணியது. கண் கலங்கியது. இடையில் புகுந்து சொல்லிவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சாப்... பிட்... டிட்டீரோ... நீர்?"

எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் அவர் கேட்டது அதைத்தான்.

"இல்லையப்பா, இன்னும் இல்லை," என்றேன். அன்று இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

இப்போது அவருடைய பேச்சு கொஞ்சம் தேறியிருக்கிறது. நான் இன்னமும் சில நாள் அவசரப்பட்டு அவருடைய வசனத்தை முடித்துவிடுகிறேன், ஆனால் தன் பெயரே சொல்லாத பேச்சிலும் கடவுள் இருக்கலாம் என்பதை அந்தப் பின்னேரம் என் வீட்டுக்குள்ளேயே கேட்டுவிட்டேன்.