ஸ்டீபன் அண்ணன் சொல்லாமல் போன பெயர்

செய்தி எனக்குக் கண்டி பஸ் நிலையத்தில் கிடைத்தது. சனிக்கிழமை முற்பகல். வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் அம்பிட்டிய பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அதன் கண்டக்டர் படியில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக நான் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்கு முன் எட்டு வருடம் மாதம் தவறாமல் ஏறியதும் தெரியும். "சேர், இன்னைக்குமா ஏற மாட்டீங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "டைம்கீப்பர் ஐயா காலையில தவறிட்டாரு" என்றார். நான் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் வழி முழுவதும் நின்றுகொண்டே போனேன்.

ஸ்டீபன் அண்ணனை உங்களில் பலருக்குக் குரலாகத்தான் தெரிந்திருக்கும். முப்பது வருடம் கண்டி பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து, ஒலிபெருக்கியில் எந்த பஸ் எப்போது புறப்படும் என்று சொன்னவர். ஓய்வு பெற்றபின் அதே குரலோடு எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் ஆனார். அம்பிட்டியவில் கோவில் மண்டபமொன்றில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடுவோம். பதினொரு பேர். ஒரு மாதத்துக்கு ஒரு புத்தகம். கூட்டம் மூன்று மணிக்கென்றால் மூன்று மணிக்குத் தொடங்கும். பிந்தி வருகிறவர்களை அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவர்களுக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போடுவார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்தே நான் இரண்டரைக்குப் போய்விடுவேன்.

நான் எழுதுவது கண்டி இராச்சியக் காலத்துத் துப்பறியும் நாவல் வரிசை. அரண்மனையில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் வேலப்பன் என்ற துபாசி ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கொலையைத் துப்புத் துலக்குவான். முதல் பாகம் வெளிவந்த கையோடு ஸ்டீபன் அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போய், "தம்பி, மூணாம் அத்தியாயத்துல மழ பெய்யுது. அதே சாயந்தரம் நாலாம் அத்தியாயத்துல புழுதி பறக்குது. நடுவுல எத்தன மணி நேரம்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, பிறகு சிரித்துவிட்டேன். "கதையில பொய் இருக்கலாம். டைம்ல பொய் இருக்கக் கூடாது" என்றார். நாங்கள் சிநேகிதர்களானது அன்றைக்குத்தான். அதன் பிறகு இரண்டு பாகங்களின் கையெழுத்துப் பிரதியையும் அவரிடம் காட்டிவிட்டே அச்சுக்குக் கொடுத்தேன். நான்காம் பாகத்தைக் காட்டவில்லை. அதற்குள் எனக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்தது. தலையும் கொஞ்சம் கனத்திருந்தது.

வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதை உண்டாக்கியவன் நான். என் முதல் புத்தகத்தை எல்லோரும் முகத்துக்கு நேரே புகழ்ந்தார்கள். கூட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறினால், முன் இருக்கையில் அதே ஆட்கள் வேறு கதை பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதமே ஒரு சட்டம் கொண்டுவந்தேன். கருத்தை ஓர் அட்டையில் பெயர் போடாமல் எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். செயலாளர் எடுத்து வாசிப்பார். அட்டைகள் அவரிடமே இருக்கும், வேறு யாரும் கையெழுத்தைப் பார்க்கக் கூடாது. எழுதியது யார் என்று யாரும் கேட்கக் கூடாது, புத்தகத்தை எழுதியவனும் கேட்கக் கூடாது. பெரிய சீர்திருத்தம் செய்துவிட்டதாக எனக்கு எண்ணம். ஸ்டீபன் அண்ணன் அதைக் கொப்பியில் எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டார்.

நான்காம் பாகமான 'கலகெதரக் கணவாய்' வந்ததும் அதற்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். பழைய பஸ் நிலையக் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், அண்ணன் அட்டைகளை வாசித்தார். ஒருவருக்குச் சாப்பாட்டு வர்ணனை அதிகமாம், பசித்ததாம். ஒருவர் கொலைகாரனை எட்டாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டாராம், அவருடைய மனைவி ஆறாம் அத்தியாயத்திலாம். வேலப்பனுக்கு இந்தப் பாகத்திலும் கலியாணம் ஆகவில்லையே என்று ஒருவருக்கு மனக்குறை. மூன்றாம் பாகம் இதைவிட நன்று, இரண்டாம் பாகம் அதைவிட நன்று என்று இன்னோர் அட்டை. கலகெதரயில் பிறந்து மடவளையில் வாழ்க்கைப்பட்ட சரீனா டீச்சர் கூடச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் எல்லாவற்றுக்கும் பெருந்தன்மையோடு தலையாட்டினேன்.

ஒன்பதாவது அட்டை இப்படி இருந்தது: "விளக்கு வைக்கும் நேரத்தில் கலகெதரயில் இருந்தவன், மூன்று மணித்தியாலத்தில் கண்டிக்கு நடந்து வந்து கொலை செய்கிறான். ஏற்றம், இறக்கம், இடையில் தோணி ஏறிக் கடக்க ஓர் ஆறு. வந்தவன் மனிதனா, பேயா? ஆசிரியர் பஸ்ஸில் போய் வந்து இந்தக் கதையை எழுதியிருக்கிறார்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. கதையின் முடிச்சே அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் இருந்தது. அதை அவிழ்த்தால் முந்நூறு பக்கமும் அவிழ்ந்துவிடும். அட்டையை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. நேரக் கணக்கு, பஸ் நையாண்டி இரண்டும் இருந்தன. நான் கையெழுத்துப் பிரதியைக் காட்டாத மனக்குறையும் அண்ணனுக்கு இருந்திருக்கும். வேலப்பனாக இருந்தால் அங்கேயே விலங்கு மாட்டியிருப்பான்.

கூட்டம் முடிந்து பஸ் தரிப்பிடத்தில் அவரை மறித்தேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த அட்டை உங்களுடையதுதானே என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவனே கேட்டேன். அவர் டின்னைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க தம்பி" என்றார்.

"ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணன், போதும்."

"நான் இல்லன்னு சொன்னா அடுத்த ஆளக் கேப்பீங்க. அவரும் இல்லன்னா அதுக்கடுத்த ஆளு. கடைசில ஒருத்தர் மாட்டுவாங்க. பொறகு அந்த டின்னுல உண்மைய யாரு போடுவா?"

இன்று அதை எழுதும்போது அவருடைய நியாயம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அன்றைக்கோ, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன மாதிரிதான் என் காதில் விழுந்தது. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன். அவர் பஸ் நிலையத்தில் புதிதாகச் சேரும் ஆட்களுக்கு, "பஸ் பிந்தி வந்தா டிரைவர ஏசுறதுக்கு முன்னாடி ரோட்டக் கேளுங்க" என்று சொல்வாராம். அதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் ரோட்டைக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அந்த டைம் பத்தி ஒரு விஷயம்" என்று தொடங்கினார். மறுபடியும் குத்திக்காட்ட வருகிறார் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தேன். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. ஆனால் இரண்டு நத்தாருக்கும் அவர் மனைவி மேரி அக்கா செய்த கேக்கை, அதே அம்பிட்டிய பஸ் கண்டக்டரிடம் எனக்குக் கொடுத்தனுப்பினார். கேக்கைச் சாப்பிட்டேன். நன்றி சொல்லி ஒரு வரி அனுப்பவில்லை. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

செய்தி கேட்டு நான் போனபோது அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டுக் கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். உள்ளே செபம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவோடு, வேலைக்குப் புறப்பட்டவர் மாதிரிப் படுத்திருந்தார். மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. அவரைக் கடிகாரம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன். கூடாரத்தின் கடைசி வரிசையிலிருந்து சரீனா டீச்சர் எழுந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

"அந்தக் காட் நான்தான் எழுதின" என்றார். எந்த அட்டை என்று நான் கேட்கவில்லை. "எங்கட வாப்பா கலகெதரயில இருந்து டவுனுக்குப் பாக்கு மூட்ட தூக்கிட்டு நடந்து வந்தவர். ஆறு மணித்தியாலம் எடுக்கும்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவ நான். பகிடிக்கு எழுதிட்டன். நீங்க கோவிச்சிட்டுப் போனதும் ஒங்களுக்கிட்ட வந்து சொல்றன்னு ஸ்டீபன் அண்ணன்கிட்ட சொன்னன். அவர்தான் வேணான்னாரு."

ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் தயங்கினார்.

"அவரே கண்டுபுடிச்சிருவாரு டீச்சர், துப்பறியிற கத எழுதுறவருதானேன்னு சொன்னாரு."

நையாண்டியாகச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார் என்றார் டீச்சர். நையாண்டியாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார். கலகெதரயில் பிறந்தவர் வட்டத்தில் ஒரே ஒருவர்தான் என்பதும், அவர் என் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். துப்பு கையிலேயே இருந்தது. எனக்குத்தான் குற்றவாளி முதலிலேயே கிடைத்துவிட்டாரே, பிறகு எதற்குத் துப்பு?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மேரி அக்கா வரச்சொல்லியிருந்தார். அலுமாரியிலிருந்து ஒரு 'கலகெதரக் கணவாய்' பிரதியை எடுத்து என் கையில் வைத்தார். கூட்டம் நடந்த அடுத்த கிழமையே, முழங்கால் வலியோடு, விடியற்காலை பஸ்ஸில் கலகெதரவுக்குப் போய் அங்கிருந்து கண்டி வரை நடந்தே வந்தாராம். "ஏன் இந்த வேலன்னு ஏசினேன். தம்பி புத்தகத்துக்கு டைம் பாக்கிறேன், ஒருவேள அவர் எழுதினது சரியா இருந்தாலும் இருக்கும்னாரு" என்றார் அக்கா. அதன் பிறகு நாலு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லையாம். எழும்பியதும் செய்த முதல் வேலை எனக்கு அழைப்பெடுத்ததுதான்.

கொலை நடக்கும் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால், டைம்கீப்பரின் சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்:

"கலகெதர 6.05. கட்டுகஸ்தோட்டைப் பாலம் 10.40. கண்டி 12.15. மொத்தம் ஆறு மணித்தியாலம் பத்து நிமிடம். தோணிக்கு இன்னும் அரை மணி சேர்க்கவும். விளக்கு வைக்கும் நேரம் சரிவராது. உச்சிப் பொழுதில் கிளம்பட்டும். அப்போதும் இருட்டின பிறகுதான் வந்து சேருவான். கதை கெடாது."

முந்நூறு பக்கமும் அவிழ்ந்துவிடும் என்று நான் பயந்தேன். அவர் இரண்டு சொற்களை மாற்றி எல்லாவற்றையும் சரிசெய்திருந்தார். அதைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார். நான்காம் பாகத்தின் இரண்டாம் பதிப்பு இப்போது அச்சகத்தில் இருக்கிறது. பிடிவாதத்தில் அந்த வரியைத் தொடாமல் விட்டிருந்தேன். மறுநாளே போய்த் திருத்திக் கொடுத்தேன். திருத்தியவர் பெயரை முதல் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். யார் பெயரையும் சொல்லாமல் இருந்தவரின் பெயரை நான் சொல்லத்தான் வேண்டும். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மண்டபத்துக்கு வருவேன். டின்னிலிருந்து அட்டைகளை யார் வாசித்தாலும் எழுதியவர் யார் என்று என் மனசுக்குள்ளும் கேட்கமாட்டேன்.

அந்தப் பிரதி என் மேசையில் இருக்கிறது. பக்கத்தின் அடியில், மற்றதைவிடச் சின்ன எழுத்தில், இன்னொரு வரி உண்டு. முதல் முறை வாசித்தபோது அது என் கண்ணில் படவில்லை, அச்சகத்துக்குப் புறப்படுமுன் மறுபடி வாசித்தபோதுதான் பட்டது.

"வழியில் கால் வலித்து இருபது நிமிடம் உட்கார்ந்தேன். அதைக் கழித்துக்கொள்ளவும்."

கொலைகாரனுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய இருபது நிமிடத்தைக்கூட அவர் மறைக்கவில்லை. அச்சகத்துக்குக் கொடுத்த திருத்தத்தில் நடை நேரத்திலிருந்து அதைக் கழித்துவிட்டேன், அவர் சொன்னபடியே. ஆனால் தன்னோடு பேச்சை முறித்துக்கொண்ட ஒருவனுடைய புத்தகத்துக்காக, ரோட்டோரத்தில் எங்கோ ஒரு கல்லில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிடத்தை என் கணக்கிலிருந்து என்னால் கழிக்க முடியவில்லை, அண்ணன்.