நஞ்சப்பனும் அடிமூடியும்

நஞ்சப்பன் என்ன செய்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிச்சுப் போட்டு வைத்து மெல்ல அவிழ்க்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாய் இது. 1944-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில், பண்ணையின் டிராக்டருக்குள் அவன் இரண்டு படி வண்டி மையை ஊற்றிவிட்டான். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் போடுவோமே, அதே மைதான்.

சிரிக்காதீர்கள். அவன் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

அந்த டிராக்டர் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் மாதேஸ்வரன் பெங்களூர்ப் பக்கம் ஏலத்தில் எடுத்தது. ஏலத்துக்கு வரும்போதே அதற்கு வயசு பதினைந்துக்கு மேல். இரும்புச் சக்கரம், மண்ணெண்ணெயில் ஓட்டம், தொப்பூர்க் கணவாயில் லாரி ஏறுவதுபோல ஒரு முக்கல். அதை ஓட்ட ஆள் வேண்டுமென்றபோது பண்ணைக்காரர் தன் வண்டிக்காரன் நஞ்சப்பனைக் காட்டினார். கொண்டுவந்து விட்டவன் பத்து நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தான். பதினோராம் நாளிலிருந்து டிராக்டர் நஞ்சப்பனுடையது. பண்ணைக்காரருக்கு அது பேருக்குத்தான் சொந்தம்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஈரச் சாக்கால் அதைத் தலையிலிருந்து துடைப்பான். சக்கரத்து மண்ணைக் குச்சியால் நோண்டி எடுப்பான். கொட்டகைக் கதவைச் சாத்தும் முன் ஏதோ சொல்லிவிட்டுத்தான் வருவான். வைக்கோல் போட்டாயா, கழுநீர் காட்டினாயா என்று ஊரே அவனைச் சீண்டும். நானும் சீண்டியிருக்கிறேன். அவனுடைய சொந்த மாடுகளான செவலையும் மயிலையும் அப்போதைக்கு ஆறு வருஷத்துக்கு முன் வெக்கை நோயில் ஒரே வாரத்தில் செத்துப் போயின என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சீண்டினேன். அதற்குப் பிறகு அவன் வீட்டில் மாடு கட்டவில்லை.

யுத்தம் வந்ததும் எண்ணெய்க்குப் பஞ்சம் வந்தது. மண்ணெண்ணெய்க்காவது பண்ணைக்காரர் தாலுகா ஆபீசுக்கு நடந்து பர்மிட் வாங்கிவிட்டார். கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய் சேலத்திலும் இல்லை. யுத்தம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். டிராக்டரோ கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று முனகியது. நஞ்சப்பனுக்கு அந்த முனகல் சோற்றை இறங்க விடவில்லை. அச்சு கத்தினால் மை போடுவோம். மாடு களைத்தால் விளக்கெண்ணெய் புகட்டுவோம். இரண்டுக்கும் கேட்கிற மருந்து இதற்கு மட்டும் கேட்காதா? மனைவி சின்னபொண்ணு ஆமணக்குக் கொட்டைமுத்தை இடித்துக் காய்ச்சிக் கலயத்தில் வைத்திருந்த எண்ணெயை எடுத்தான். கரியைக் குழைத்தான். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயைக் கியர் பெட்டியின் வாயில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். புகட்டி முடித்ததும் அதன் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்தும் விட்டானாம்.

ஒரு நாள் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு உள்ளே கிடந்த பழைய எண்ணெயும் கரியும் விளக்கெண்ணெயும் சேர்ந்து களியாகக் கெட்டித்துக்கொண்டன. கியர்த் தடி அசையவில்லை. பழைய எண்ணெய்தான் கெட்டுப்போய்விட்டது என்று பண்ணைக்காரர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். நஞ்சப்பன் வாயைத் திறக்கவில்லை.

அவன் வாயைத் திறக்காததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. சின்னபொண்ணுக்கு அவள் அப்பன் வழியில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு உண்டு. மாடு செத்த வருஷத்திலிருந்து ஏர் காணாமல் கிடந்து, மண் பாறையாக இறுகிவிட்டது. வாடகை ஏர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மாட்டைக் கொல்லச் சொல்கிறாயா என்று திரும்பிப் போனார்கள். தை மாதத்தில் பண்ணைக்காரர், இந்தச் சித்திரை மழைக்கு டிராக்டரை உன் பெண்டாட்டி காட்டிலும் விடு என்று வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவள் விதைக்கடலையைப் பானையில் வைத்து வாய்கட்டி, பூச்சி வந்ததா என்று வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் வந்து சேர்ந்தேன். டிராக்டரோடு ஓர் இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. ஊரில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன். கெட்ட எண்ணெயை இறக்க என்ன வழி என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார் பண்ணைக்காரர். கியர் பெட்டியின் அடிவயிற்றில் ஒரு திருகுமூடி இருக்கிறது, அதைக் கழற்றி எல்லாவற்றையும் இறக்கி, மண்ணெண்ணெய் விட்டு அலம்பு என்று போட்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே கீழே படுத்து நுழைந்தேன். மூடி இருந்தது. ஆனால் ஸ்பேனர் பிடிக்க அதற்குத் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் உள்நோக்கிச் சதுரமாக ஒரு குழி, சுண்டுவிரல் நுழைகிற அளவு. இதற்கென்று தனிச் சாவி டிராக்டரோடு வரும் என்றது புத்தகம். டிராக்டரோடு வந்த சாமான் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அது மட்டும் இல்லை.

மதராசில் உள்ள கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். யுத்தம் முடிந்தபிறகு எழுதவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கொல்லன் ஆண்டி உளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியலை ஓங்கினான். வார்ப்பு இரும்பு, உடைந்தால் டிராக்டரே போச்சு என்று நான் அவன் கையைப் பிடித்தேன். அதற்குள் குழியின் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்துவிட்டது. தொப்பூர் அடிவாரத்தில் லாரி ரிப்பேர் செய்பவர்களிடம் நஞ்சப்பன் நடந்தே போய்க் கேட்டான். அவர்களிடம் இருந்ததெல்லாம் வெளியே கவ்வுகிற சாமான். உள்ளே புகுந்து திருப்புகிறது ஒன்றுகூட இல்லை. தருமபுரியில் சவுரியப்பன் என்று ஒருவர் இருந்தார். மொரப்பூருக்கு ஓடிய சின்ன ரயிலில் கார்டு வேலை பார்த்தவர். அந்த ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போனபிறகு, பெட்டிக் கதவு பூட்டுகிற சதுரச் சாவி மட்டும் அவர் கையில் நின்றுவிட்டது. ஆசையாக எடுத்துவந்து கொடுத்தார். குழிக்குள் சரியாக இறங்கியது. திருப்பினோம். மூடி அசையவில்லை, கதவுக்காகச் செய்த சாவி கரும்புச் சக்கைபோல முறுக்கிக்கொண்டது. பாவம், சவுரியப்பன் அதை வேட்டியில் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

ஒவ்வொன்றும் தோற்கத் தோற்க நஞ்சப்பனின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு நிம்மதி வரும். உடனே அந்த நிம்மதிக்கு வெட்கப்பட்டவன்போலத் தலை குனிந்துகொள்வான். எனக்கு அப்போது பிடிபடவில்லை. மூடி திறந்தால் கரி வாசமும் விளக்கெண்ணெய் வாசமும் வரும். வண்டி வைத்திருக்கிற ஊரில் அந்த வாசம் தெரியாத மூக்கு கிடையாது. திறந்தால் அவன் வேலை போகும். திறக்காவிட்டால் அவள் காடு போகும். இதற்கு நடுவில்தான் மனுஷன் பதினைந்து நாள் நின்றிருக்கிறான்.

சித்திரை எட்டாம் தேதி நல்ல மழை. மேட்டுக்காட்டில் அந்த ஈரம் நாலைந்து நாள் நிற்கும், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் களி கொண்டுவந்த சின்னபொண்ணு, தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் டிராக்டருக்கு அடியில் படுத்தாள். குழிக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். எழுந்து சேலை மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை நஞ்சப்பன் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னான். அவன் போகும்போது அவள் மாவு திரிக்கிற ராகிக்கல்லின் மேல்கல்லைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாளாம். அடிக்கல்லின் நடுவில் இரும்பு முளை நின்றுகொண்டிருந்தது. மேலே உருண்டை. கல்லுக்குள் புதைந்திருக்கிற பாகம் சதுரமாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் மேல்கல் சுற்றும்போது முளையும் சேர்ந்து சுற்றிவிடும் என்றாள். அந்தச் சதுரம்தான் மூடிக்குச் சாவி என்பது அவள் கணக்கு. இங்கிலீஷ் படித்த எனக்குத் தோன்றவில்லை.

முளையைப் பிடுங்கினால் கல் பிளக்கும். தாய் வீட்டிலிருந்து அவள் தலையில் சுமந்து வந்த கல் அது. அதைப் பிளக்கவிட்டுவிட்டு உண்மையையும் மறைக்க அவனால் முடியவில்லை.

"வேண்டாம் புள்ள" என்றானாம். "உள்ள வண்டி மை கெடக்குது. ஊத்துனது நாந்தான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க" என்றாளாம் அவள். "கலயத்துல எண்ணெ பாதிக்கு எறங்கிக் கெடந்துச்சு. செவலைக்குப் பொகட்டுற கொழாயும் பரண்ல இல்ல."

ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறான்.

"மாடு செத்ததுல இருந்து நீங்க எதுக்கும் ஊட்டி நான் பாக்கல. மறுக்கா ஊட்டுறீங்களேன்னு இருந்துச்சு. அதான் கேக்கல."

இதைச் சொல்லும்போது நஞ்சப்பன் மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை யாராவது அப்படிப் பார்த்திருக்கிறார்களா என்று யோசித்தேன். நான் யாரையாவது அப்படிப் பார்த்தேனா என்பதை யோசிக்கத் தைரியம் வரவில்லை.

இருவருமாகக் கல்லுளியால் சுற்றிலும் கொத்தினார்கள். கல் இரண்டாகப் போனது. முளை வந்தது, அடிப்பாகம் சதுரமாக.

விடிந்ததும் ஆண்டி அதை உலையில் வைத்தான். உருண்டைப் பக்கத்தை வளையமாகத் தட்டி, கடப்பாரை நுழைகிற மாதிரி வாய் வைத்தான். சதுரப் பக்கத்தை அரத்தால் ராவி, கொட்டகைக்கு ஓடி ஓடி மூன்று தடவை அளவு பார்த்தான். நாலாவது தடவை அது குழிக்குள் போய் அசையாமல் உட்கார்ந்தது. பண்ணைக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். நானும் ஆண்டியும் கடப்பாரையின் ஒரு நுனியில், நஞ்சப்பன் மறு நுனியில். ஒரு தம் பிடித்ததில் கிறீச்சென்று மூடி கால் திருகு அசைந்தது. நஞ்சப்பன் கடப்பாரையை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"எசமான், இது தொறந்தா வண்டி மைதானுங்க வரும். நாந்தான் ஊத்துனேன். ஊட்டமா இருக்கும்னு நெனச்சேன்."

பண்ணைக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் மூடியைக் கழற்றினேன். கறுப்புக் களி கட்டியாகத் தொங்கி, தயங்கித் தயங்கி விழுந்தது. வாசம் கொட்டகை முழுக்க அடித்தது. அவர் முகம் சிவந்தது, கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை நஞ்சப்பனின் கன்னத்துக்குப் போகவில்லை, தூணில் போய்ப் பட்டது. வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். அவன் செத்த அப்பனையும் விட்டுவைக்கவில்லை. திட்டி ஓய்ந்து, கை வலியை ஊதிக்கொண்டு, தரையில் கிடந்த சாவியைக் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வூட்டுக் கல்லு மொளைடா இது?" என்று ஆண்டியைக் கேட்டார்.

ஆண்டி சொன்னான். அவர் வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். வீட்டில் ராகிக்கல் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை எத்தனை வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அவர் ஒன்றும் மாளிகையில் பிறந்தவரில்லை.

"அலம்பி முடிச்சதும் மொதல்ல அவ காட்டுல எறக்கு. எங்காடு நாளைக்கு" என்றார். உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கிறேன் என்று உறுமிவிட்டும் போனார். அந்த அப்புறம் கடைசிவரை வரவில்லை.

பர்மிட் மண்ணெண்ணெயில் இரண்டு தரம் அலம்பினோம். நஞ்சப்பன் சாவி கேட்கப் போன அன்று லாரிக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த பழைய எண்ணெயை வடிகட்டி ஊற்றினோம். பொழுது சாய ஒரு ஜாமம் இருக்கும்போது டிராக்டர் மேட்டுக்காட்டில் இறங்கியது. கலப்பை பதிந்ததும் ஆறு வருஷத்து மண் பாளம் பாளமாகப் புரண்டது. அடியில் ஈரம் இருந்தது. சின்னபொண்ணு கலப்பைக்குப் பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தாள். வரப்பில் வேடிக்கை பார்க்க நின்ற எங்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்து முகர்ந்தாள். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே நடந்தாள்.

நஞ்சப்பன் ஓட்டுகிற சால் நூல் பிடித்ததுபோல இருக்கும். அன்று அப்படி இல்லை. பத்தடிக்கு ஒருமுறை அவன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவன் திரும்பும்போதெல்லாம் டிராக்டரும் ஒரு பக்கம் திரும்பியது.

"முன்னாடி பாத்து ஓட்டுங்க" என்று அவள் அத்தனை சத்தத்துக்கும் மேலாகக் கத்தினாள்.

அவன் கேட்கவில்லை. அந்த வருஷம் சின்னபொண்ணு காட்டில் கடலை வளைந்து வளைந்துதான் முளைத்தது.