பன்னிரண்டாவது படம்

கேமரா முன்தகட்டின் நான்கு ஸ்குரூக்களையும் கழற்றி இட்லித் தட்டின் முதல் குழியில் போடுகிறார் மெஹராஜ் பேகம். அடுத்துக் கழற்றுவது இரண்டாவது குழிக்கு, அதற்கடுத்தது மூன்றாவதற்கு. மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும், ஒன்று மிஞ்சாது, ஒன்று குறையாது. "இட்லித் தட்டு கேமராவுக்குப் போனதுலேர்ந்து வீட்டுல தெனமும் தோசதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார் அவர் கணவர் சேக் தாவூது. "தோச தின்னு யாரும் எளைச்சுப் போயிடல" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

நன்னிலம் கடைத்தெருவை ஒட்டிய வீடு. முன்னறையில் கணவர். துணித்திரைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோர மேசையில் மனைவி. ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த விரல்கள். ஷார்ஜாவில் கேமரா பழுதுபார்க்கும் கடையில் சம்பளம் வாங்கியவர் சேக் தாவூதுதான். வேலை குவிந்தால் வீட்டுக்குக் கொண்டு வருவார். அவர் விரல் போகாத இடத்துக்கு இவர் விரல் போனது. ஊர் திரும்பிய பிறகு சர்க்கரை நோயில் அவர் கை நடுங்கத் தொடங்கவே, ஸ்குரூ டிரைவர் முழுதாக இவரிடம் வந்துவிட்டது. பேச்சு மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள், அவர் ஷார்ஜாவுக்கே போய் வந்தவர்.

பிலிம் பித்துப் பிடித்த பிள்ளைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூரியரில் கேமரா அனுப்புகிறார்கள். 'சார் கை ராசியான கை' என்று நன்றி எழுதுகிறார்கள். அதை சேக் தாவூது உரக்கப் படித்துக் காட்டுவார். "சார் கை தோச மாவு கரைக்கத்தான் லாயக்கு" என்பார் மெஹராஜ் பேகம், தலை நிமிராமலே. புகழில் அவருக்கு நாட்டமில்லை. ஒரே ஒரு வீம்பு உண்டு. தான் பொத்தானை அழுத்திப் பார்க்காத கேமரா அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. "அழுத்திப் பாக்காம குடுக்குறது, உப்புப் பாக்காம பந்தி வெக்கிற மாதிரி" என்பார்.

அந்த வீம்புக்கு ஒரு திங்கட்கிழமை சோதனை வந்தது.

பக்கத்துக் கிராமத்து விவசாயி இராஜாங்கம், ஈரிழைத் துண்டில் சுற்றி ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா. பிலிம் பெரிது, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். "பொத்தான் அழுந்த மாட்டேங்குது பாய்" என்றார். கேமரா, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அறிவுமதியுடையது. அம்மா ஞானாம்பாளுக்குப் புற்றுநோய் வைத்தியம் தொடங்குவதற்கு முந்தின நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, முழங்கால் வரை விழும் கூந்தலைக் காயவிட்டுப் பதினோரு படம் எடுத்திருக்கிறாள். பன்னிரண்டாவதற்குப் பிலிமைச் சுற்றி வைத்து, "கடைசி ஒண்ணு உங்களுக்குப்பா, அம்மாவ நீங்க எடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று மாதமாக இவருக்கு மனசு வரவில்லை. கூந்தல் போய்விட்டது. போன வாரம் ஒரு வழியாகத் துணிந்து கையில் எடுத்தால், பொத்தான் அசையவில்லை.

"எம் படம் போனாப் போவுது பாய். அந்தப் பதினொண்ணும் இருக்குமா?" என்று நான்கு முறை கேட்டார்.

திரைக்குப் பின்னால் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மெஹராஜ் பேகம் கேமராவை வாங்கியதும் செய்த முதல் காரியம், பின்கதவின் மேல் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டியதுதான். கதவு திறந்தால் வெளிச்சம் உள்ளே போகும். பிலிமில் வெளிச்சம் பட்டால் கூந்தல் போகும், இரண்டாவது தடவையாக. இனி எந்த வேலையும் முன்பக்கத்திலிருந்துதான்.

பொத்தானின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மகள் சுற்றிவைத்த கைப்பிடி தன் இடத்தில் நிற்கிறதா, நிற்கிறது. முன்தகட்டைக் கழற்றினார். பொத்தான் தண்டின் அடியில் ஏதோ மஞ்சளாக மாட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பாதி உடைந்த பதர். சுற்றிலும் பொடியாக நெல் சுணை.

"ஏங்க, இத எங்கதான் வெச்சிருந்தாராம்?"

சேக் தாவூது போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இராஜாங்கத்தின் குரலில் பெருமைகூட இருந்தது. "வெதநெல்லு மூட்டைக்குள்ளங்க பாய். ஈரம் ஆவாதுன்னு புள்ள சொல்லிட்டுப் போச்சு. வீட்டுல அத விடப் பத்திரமான எடம் ஏதுங்க?"

சேக் தாவூது சிரிக்க வாயெடுத்தார். மெஹராஜ் பேகம் கையைக் காட்டி அடக்கினார். அடுப்பில் உலை இல்லாத நாளிலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். அந்த மூட்டைக்குள் ஒருவர் இதை வைத்திருக்கிறார். எந்த வாடிக்கைக்காரரோடும் பேசாத மெஹராஜ் பேகம், போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "நல்ல எடந்தாண்ணே" என்றார்.

செவ்வாய்க்கிழமைக்குள் சுணையெல்லாம் தூரிகையில் வந்துவிட்டது. இட்லித் தட்டும் காலியாகிவிட்டது. அழுத்திப் பார்ப்பதுதான் பாக்கி. அழுத்தினால் பன்னிரண்டாவது படத்தில் மேசையும் ஜன்னலும்தான் விழும்.

"லென்ஸ் மூடியப் போட்டு அழுத்திப் பாரேன்" என்றார் கணவர்.

"அழுத்தலாம். திரும்ப ஷட்டர் ஏறணும்னா கைப்பிடியச் சுத்தணும். சுத்துனா பிலிம் நவுந்துடும். அந்த மனுசனுக்கு இருக்குறதே ஒண்ணு."

"அப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லிடவா?"

"சுணை ஷட்டர் இதழுக்குள்ள ஒட்டியிருந்தா? சரியாயிடுச்சுன்னு எந்த வாயால சொல்லுவீங்க?"

புதன்கிழமை முழுக்க கேமரா மேசையில் கிடந்தது. மெஹராஜ் பேகம் நான்கு முறை கையில் எடுத்து நான்கு முறையும் கீழே வைத்தார். பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டு எழுந்துபோனார்.

வியாழன் காலை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இராஜாங்கத்தின் வாடகைக் கார் வாசலில் நின்றது. "ஆயிடுச்சா பாய்?" என்று உள்ளே வந்தார். சேக் தாவூது திரையைப் பார்த்தார். திரை விலகி மெஹராஜ் பேகமே கேமராவோடு வெளியே வந்தார்.

"அடைப்ப எடுத்துட்டேண்ணே. ஆனா அழுத்திப் பாக்கல. பாத்தா உங்க படம் போயிடும். வேல செய்யுமான்னு எனக்கே தெரியல. அக்கா எங்க?"

"கார்ல இருக்காங்க."

"கூட்டிட்டு வாங்க. இங்கயே எடுங்க."

ஞானாம்பாளை வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். இராஜாங்கம் குனிந்து கேமராவின் மேல்பக்கக் கண்ணாடியில் பார்த்தார். அதில் இடம் வலமாகத் தெரியும். "ஞானம், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று தடுமாறினார். "நான் நேராத்தான் இருக்கேன். நீங்கதான் ஆடுறீங்க" என்றார் ஞானாம்பாள். பிறகு ஏதோ யோசித்தவர், தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

"புள்ள எடுத்ததெல்லாம் முடியோட. நீங்க எடுக்குறது இப்புடி இருக்கட்டும்."

இராஜாங்கம் மறுபடி குனிந்தார். நிமிரவே இல்லை. "கலங்கலாத் தெரியுதுங்களே" என்றார் கடைசியில்.

"கண்ணத் தொடச்சுட்டுப் பாருங்கண்ணே. கேமராவுல கோளாறு இல்ல" என்றார் மெஹராஜ் பேகம்.

துண்டால் துடைத்துக்கொண்டு அழுத்தினார். 'டிக்' என்று நகம் சொடுக்குவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். இதழ் தடையில்லாமல் திறந்து மூடினால் வரும் சத்தம்தான் அது, ஆனால் இராஜாங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "விழுந்துடுச்சுங்களா?"

"விழுந்துடுச்சுண்ணே. சுத்தமா விழுந்துடுச்சு." கேமராவை வாங்கி, பிலிம் கடைசிவரை சுருளில் ஏறும்வரை கைப்பிடியைச் சுற்றி, திருப்பிக் கொடுத்தார். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஞானாம்பாள் இன்னும் அசையாமல், மூச்சை அடக்கியபடி லென்ஸ் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஹராஜ் பேகம் குனிந்து அவர் மடியிலிருந்த துணியை எடுத்தார். ஒரு முறை உதறி, நெற்றியிலிருந்து இழுத்துப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டார். பிறகு முடிச்சுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்து, இறுக்கமாக இல்லையே என்று பார்த்தார்.